நழுவிய கத்தி: ரெம்பிராண்ட்டின் ஓவியம் ஒன்று

சொல்லைக் கருவியாகக் கொண்ட புலவனுக்குக் காலம் துணை நிற்கிறது. ஒரு நிகழ்ச்சியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் முடிவையும் அவன் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறலாம். இடையே நின்று பாத்திரங்களைப் பேச வைக்கலாம். வேண்டுமாயின் நடந்து முடிந்ததற்குத் திரும்பியும் செல்லலாம். ஓவியனுக்கு அவ்வுரிமை இல்லை. அவன் கைவசம் இருப்பது ஒரே ஒரு கணம். அந்தக் கணத்தை அவன் எவ்விடத்தில் வெட்டி எடுத்தான் என்பதிலேயே கதையை அவன் எங்ஙனம் உணர்ந்தான் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. ஜெர்மானியத் திறனாய்வாளர் லெஸ்ஸிங், 1766-இல் வெளியிட்ட 'லவோகூன்' என்னும் நூலில் கவிதைக்கும் ஓவியத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். இலக்கிய மாணவர் கற்க வேண்டிய நூல்களுள் அஃது ஒன்று.

இக்கருத்துக்குச் சான்றாக, ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட்டு 1635-ஆம் ஆண்டு தீட்டிய ஓவியம் ஒன்றை ஈண்டு விளக்க முற்படுகின்றேன். இறைத்தூதர் இப்றாகீம் நபி (அலை) அவர்கள் இறையாணையை ஏற்றுத் தம் மகனை அறுத்துப் பலியிடத் துணிந்த நிகழ்ச்சியே அதன் பொருள். தியாகத் திருநாள்தோறும் குத்பாவில் நாம் செவிமடுக்கும் செய்தி அது. அவ்வரலாற்றைத் 'திருமணிமாலை' எனக் காப்பியமாகப் பாடினார் காயல்பட்டினத்துச் சேகனாப் புலவர். ஆயின் ரெம்பிராண்ட்டு பின்பற்றியது விவிலியத்தின் ஆதியாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தை.

முஸ்லிம் பெருமக்கள் நடத்தும் கல்லூரியின் தமிழ்த்துறை மலரில், ஒரு நபியை உருவெழுதிக் காட்டும் ஓவியத்தைப் பற்றி எழுதலாமா எனப் பெரியோர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நபிமார்களின் உருவத்தை எழுதும் வழக்கத்தை நம் முன்னோர் ஏற்கவில்லை. பாரசீகத்திலும் துருக்கியிலும் எழுந்த சில ஏடுகளில் இந்நிகழ்ச்சியே சித்திரமாக இடம்பெற்றுள்ளது என்பது வரலாறு. எனினும் அது நமக்கு முன்மாதிரி ஆகாது. இக்காரணம் பற்றியே இக்கட்டுரையுடன் படம் அச்சிடப்படவில்லை. சொல்லளவில் நின்றே விளக்கம் அமைகின்றது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வோவியம் வழிபாட்டுக்கென எழுதப்பட்டதன்று. ரெம்பிராண்ட்டு வாழ்ந்த ஹாலந்தில் ஆட்சி பெற்றிருந்தது கால்வினைப் பின்பற்றிய சீர்திருத்தச் சபை. உருவங்களை வழிபாட்டிடத்திலிருந்து விலக்குவதில் அச்சபையார் மிகக் கடுமையானவர்கள். 1566-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுத் தேவாலயங்களில் புகுந்த மக்கள் சிலைகளையும் படங்களையும் உடைத்தெறிந்தனர். பின்னர் அவர்தம் தேவாலயச் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டு வெறுமையாய் நின்றன. நம் பள்ளிவாசல்களின் சுவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவ்வெண்மை அயலாகத் தோன்றாது. தேவாலயத்தில் இடமிழந்த ஓவியம் அங்கே வீட்டுக்கூடத்தில் குடியேறிற்று. வேதக்கதையைப் படித்தவன் தான் படித்ததைச் சிந்திப்பதற்கு உதவும் ஒருவகை உரையாக அது மாறிற்று. சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணிக்குச் சைவராகிய நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். அதனை இன்று நாம் வகுப்பறையில் பாடம் சொல்கிறோம். பிறர் ஒரு நூலை எவ்வாறு கற்றனர் என்று அறிவதால் நம் கொள்கைக்கு ஊறு நேர்வதில்லை. இவ்வோவியத்தையும் அவ்வாறே ஓர் உரை எனக் கொண்டு அணுகுதல் தகும்.

பரோக்கு என்னும் பாணி

ஐரோப்பியக் கலை வரலாற்றில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தைப் 'பரோக்கு' காலம் என்பர். வடிவம் கோணிய முத்தைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்ததாகக் கூறுவர். முத்துக்குளித்தலையும் முத்து வாணிகத்தையும் அறிந்த கடற்கரைச் சமுதாயத்தாருக்கு உருண்டை முத்துக்கும் கோணல் முத்துக்கும் விலையில் உள்ள வேறுபாட்டை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முதலில் இகழ்ச்சியாக வழங்கிய பெயர் பின்னர் ஒரு காலத்துக்கே உரிய பெயராயிற்று. அதற்கு முந்தைய மறுமலர்ச்சிக் காலத்து ஓவியங்களில் அமைதியும் சமநிலையும் மேலோங்கி நின்றன. பரோக்கு ஓவியர்கள் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும் நொடியை நாடினர். இருளை மிகுவித்து, ஒளியை ஓரிடத்தில் கொட்டினர்.

இப்பாணியின் முன்னோடி இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ. 1603-ஆம் ஆண்டளவில் அவரும் இதே பலி நிகழ்ச்சியைத் தீட்டியுள்ளார். அவ்வோவியம் இன்று புளோரன்சு நகரின் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் மகன் வாய்திறந்து அலறுகிறான். தந்தையின் கட்டைவிரல் அவன் கன்னத்தில் அழுந்தியிருக்கிறது. அருகே வந்த வானவர் தந்தையின் கையைப் பற்றி, மறுகையால் ஆட்டுக்கடாவைச் சுட்டுகிறார். காண்போர் கண்ணைவிட்டு அகலாத முகம் அந்த மகனுடைய முகம். இதனை நினைவில் கொள்க. ரெம்பிராண்ட்டிடம் வரும்போது இதற்குப் பயனுண்டு.

ரெம்பிராண்ட்டு 1606-இல் லைடன் நகரில் மாவாலை உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் ஆம்ஸ்டர்டாம் சென்று பீட்டர் லாஸ்ட்மன் என்பாரிடம் சிறிது காலம் பயின்றார். லாஸ்ட்மன் இத்தாலி சென்று வந்தவர். அவரும் இப்பலி நிகழ்ச்சியைத் தீட்டியவர். ரெம்பிராண்ட்டு தம் வாழ்நாளில் இத்தாலிக்குச் சென்றதே இல்லை. கரவாஜ்ஜோ வழிவந்த ஒளியும் இருளும் ஆசிரியர் வழியாகவும் பிறர் வழியாகவுமே அவரை வந்தடைந்தன. 1634-இல் சசுக்கியா என்னும் பெண்மணியை மணந்தார். மறு ஆண்டு, தம் இருபத்தொன்பதாம் வயதில், நாம் கூறவரும் ஓவியத்தை முடித்துக் கையெழுத்திட்டார்.

ஓவியத்தின் அமைப்பு

துணியின்மேல் எண்ணெய் வண்ணத்தால் எழுதப்பட்ட இவ்வோவியம் ஏறத்தாழ 193 சென்டிமீட்டர் உயரமும் 132 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அதாவது ஓர் ஆளைவிடச் சற்று உயரமானது. அதன் எதிரே நிற்பவர்க்கு உருவங்கள் ஏறக்குறைய மெய்யளவிலேயே தோன்றும். இங்கிலாந்தின் முதல் பிரதமர் எனப்படும் ராபர்ட் வால்போலின் சேகரிப்பில் இருந்த இதனை 1779-இல் ருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரின் விலைகொடுத்து வாங்கினார். இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கு நகரின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அடுக்கிய விறகின்மேல் மகன் மல்லாந்து கிடக்கிறான். கைகள் முதுகுக்குப் பின்னே கட்டப்பட்டுள்ளன. இடையில் ஒரு துணி மட்டுமே உண்டு. ஓவியத்தில் உள்ள ஒளியில் பெரும்பங்கு அவன் மார்பின்மேலும் வளைந்து நீண்ட கழுத்தின்மேலும் விழுகிறது. அவன்மேல் குனிந்திருக்கும் முதியவராகிய தந்தை தம் இடக்கையை மகனின் முகத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார். கண், மூக்கு, வாய் ஆகிய அனைத்தும் அகன்ற அந்தக் கையினுள் மறைந்துவிட்டன. மேலே இடப்புறம், மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்த வானவர் தந்தையின் வலக்கை மணிக்கட்டைப் பற்றியிருக்கிறார். வானவரின் மறுகை உயர்ந்து நிற்கிறது. பற்றிய வேகத்தில் தந்தையின் விரல்கள் விரிந்துவிட்டன. கத்தி அவர் கையில் இல்லை. தரையிலும் இல்லை. நடுவெளியில் நிற்கிறது.

எண்ணெய் வண்ணத்தின் இயல்பைச் சிறிது அறிந்தால் இவ்வோவியத்தின் ஆற்றல் மேலும் விளங்கும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் விரைந்து உலராது. ஆகவே ஓவியர் நாட்கணக்கில் அதன்மேல் வேலை செய்யலாம். ஒரு நிறத்தை மற்றொன்றில் எல்லை தெரியாமல் கரைக்கலாம். மெல்லிய பூச்சின்மேல் பூச்சாக இட்டு, அடியிலுள்ள நிறம் மேலே ஒளிர்ந்து தோன்றச் செய்யலாம். நிழல்களை மெல்லிய பழுப்புப் பூச்சாக விட்டு, ஒளி படும் இடங்களில் ஈயவெள்ளை கலந்த வண்ணத்தைத் தடிப்பாக ஏற்றுவது ரெம்பிராண்ட்டின் வழக்கம். அதனால் நிழல் பின்வாங்குகிறது. ஒளி முன்னே வருகிறது. மகனின் மார்பு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றுவதற்கும், அதில் கத்தி பட்டால் என்னாகும் என்னும் நடுக்கம் நமக்கு எழுவதற்கும் இத்தொழில்நுட்பமே அடிப்படை.

தந்தையின் முகத்துக்கு வருவோம். அவர் மகனை நோக்கவில்லை; திரும்பி வானவரை நோக்குகிறார். அம்முகத்தில் மகிழ்ச்சி இல்லை. மகன் பிழைத்தான் என்னும் செய்தி இன்னும் அவர் உள்ளத்தை எட்டவில்லை. தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் இதனை எதில் அடக்குவது? அழுகையும் அச்சமும் இதில் உண்டு என்றாலும், மருட்கை என்பதே மிகப் பொருந்தும். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என மருட்கை பிறக்கும் களன்களை அவர் நான்காக வகுப்பார். ஒன்று மற்றொன்றாகத் திரிவதை ஆக்கம் என்பர் உரைகாரர். பலியாக இருந்தவன் மீண்டும் மகனாகத் திரியும் நொடியில் அகப்பட்ட முகம் இது.

நூல்கள் கூறுவதும் ஓவியம் கூறுவதும்

ஆதியாகமம் இந்நிகழ்ச்சியை மிகச் சுருங்கிய சொற்களில் கூறுகிறது. தந்தையும் மகனும் இரண்டு வேலைக்காரருடன் கழுதையில் விறகேற்றி மூன்று நாள் பயணம் செய்கின்றனர். மலையடியில் வேலைக்காரரை நிறுத்திவிட்டு, விறகை மகன் தோளில் ஏற்றித் தந்தை நெருப்பும் கத்தியும் ஏந்தி நடக்கிறார். பலிக்குரிய ஆடு எங்கே என்று மகன் கேட்கிறான். இறைவனே அதனை அளிப்பான் என்னும் கருத்துப்பட விடை கூறுகிறார் தந்தை. பின்னர்க் கட்டி வைக்கிறார், கத்தியை எடுக்கிறார், விண்ணிலிருந்து அழைக்கும் குரல் அவரைத் தடுக்கிறது.

திருக்குர்ஆனில் முப்பத்தேழாம் அத்தியாயமாகிய 'அஸ்ஸாஃப்பாத்'தின் 102 முதல் 107 வரையிலான வசனங்களில் இந்நிகழ்ச்சி வருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள பெரிய வேற்றுமை மகனைப் பற்றியது. திருமறையில் தந்தை தாம் கண்ட கனவை மகனிடம் மறைக்கவில்லை. கூறி, அவர் கருத்தையும் கேட்கிறார். மகனும் இறையாணையை நிறைவேற்றுமாறு கூறித் தாம் பொறுமையுடன் இருப்பதாக உறுதியளிக்கிறார். இருவரும் இறைவனுக்கு அடிபணிந்தனர் எனப் பன்மையில் பேசுகிறது திருமறை. பின்னர் மகன் நெற்றி நிலத்தில் படக் கிடத்தப்படுகிறார். அப்போது இறைவனின் அழைப்பு வருகிறது.

அம்மகனார் யார் என்பது பற்றி ஒரு சொல். ஓவியத்தில் கிடப்பவர் விவிலியம் பெயர் சுட்டும் இஸ்ஹாக். திருமறை அவ்விடத்தில் பெயர் சுட்டவில்லை. முற்கால விரிவுரையாளருள் தபரீ இஸ்ஹாக் (அலை) எனக் கொண்டார். இப்னு கஸீர் முதலியோர் இஸ்மாயீல் (அலை) என நிறுவினர். பலி நிகழ்ச்சியைக் கூறி முடித்தபின் 112-ஆம் வசனத்தில்தான் இஸ்ஹாக் பற்றிய நற்செய்தி வருகிறது என்பது அவர்தம் சான்றுகளுள் முதன்மையானது. இன்று முஸ்லிம் உலகில் நிலைபெற்றிருப்பதும் அக்கொள்கையே. நம் ஆய்வு இதனை ஒட்டி அமையவில்லையாதலின் மேலே செல்வோம்.

உற்று நோக்கற்பாலது பிறிதொன்று. இரு நூல்களிலும் தந்தையைத் தடுப்பது குரல். யாரும் வந்து கையைப் பற்றுவதில்லை. கத்தி விழுவதும் இல்லை. நம்மிடையே வழங்கும் வாய்மொழி மரபில் கத்தி அறுக்க மறுத்ததாகவும், சினந்து கல்லின்மேல் வீசக் கல் பிளந்ததாகவும் கூறுவர். திருமறையில் அச்செய்தி இல்லை. கேட்டோர் உள்ளம் கத்தியை அப்படியே விட்டுவிட மறுத்ததன் விளைவு அது எனலாம். குரலை ஓவியத்தில் எழுத இயலாது. ஆகவே ஓவியர்கள் குரலைக் கையாக்கினர்; பற்றும் கை கரவாஜ்ஜோவிடமே உண்டு. ஆயின் கரவாஜ்ஜோவின் ஓவியத்தில் கத்தி இன்னும் தந்தையின் பிடியில் இருக்கிறது. அதனை விடுவித்தவர் ரெம்பிராண்ட்டு. பிடியில் உள்ள கத்தி எப்போது வேண்டுமானாலும் மீண்டும் இறங்கலாம். நழுவிய கத்தி இறங்காது. அவருடைய இவ்வோவியத்தில் ஆட்டுக்கடாவே இல்லை என்பதையும் காண்க. மகனுக்கு ஈடாக எது அளிக்கப்பட்டது என்பதை அவர் இங்கே காட்டவில்லை. ஆணை விலகிய அந்த ஒரு நொடியே அவருக்குப் போதுமானதாயிருக்கிறது.

மறைக்கப்பட்ட முகம்

மகனின் முகத்தை ஏன் மறைத்தார்? மிருகத்தை அறுப்பவர் அதன் தலையைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிப்பது போன்ற முரட்டுப் பிடி அது என்று கூறுவோர் உண்டு. அது மட்டும் காரணமன்று என்பது என் துணிபு. முகத்தைக் கண்டால் தந்தையால் அக்காரியத்தைச் செய்ய இயலாது. மகன் தம்மைப் பார்ப்பதையும் அவரால் தாங்க இயலாது. அழுத்தும் அந்தக் கை மகனுக்கு வன்முறை; தந்தைக்குத் தற்காப்பு.

இங்கே நம் விரிவுரையாளர் கூறும் ஒரு செய்தி வியப்பூட்டும் வகையில் இதனோடு ஒத்துச் செல்கிறது. மகன் நெற்றி நிலத்தில் படக் கிடத்தப்பட்டது ஏன் என்னும் வினாவுக்கு, அறுக்கும்போது முகம் தந்தையின் கண்ணில் படலாகாது என்பதே காரணம் எனத் தஃப்சீர் நூல்களில் விளக்கம் காணப்படுகிறது. முகத்தைக் கண்டால் இரக்கம் மேலிட்டு ஆணை நிறைவேறாமற் போகும் என்று எண்ணி மகனே அவ்வாறு வேண்டியதாகவும் கூறுவர். ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஓவியர் தஃப்சீர் கற்றவர் அல்லர். தந்தை மகன் முகத்தைக் காண இயலாது என்னும் ஒரே உண்மையை விரிவுரையாளரும் ஓவியரும் தனித்தனியே சென்றடைந்துள்ளனர். ஒருவர் முகத்தை நிலத்தை நோக்கித் திருப்பினார். மற்றொருவர் கையால் மூடினார். மகன் கருத்து எது என்பதில்தான் வேறுபாடு. திருமறையின் மகன் தாமே முகம் கவிழ்க்க இசைந்தவர். ஓவியத்தின் மகனுக்கு வாய்திறக்கவும் வழியில்லை.

பண்டைக் கிரேக்கத்திலும் இச்சிக்கல் எழுந்ததுண்டு. தன் மகளைப் பலியிட நேர்ந்த அகமெம்னோன் மன்னனின் துயரத்தைத் தீட்டவந்த திமாந்தஸ் என்னும் ஓவியர், சூழநின்றோர் துயரத்தையெல்லாம் எழுதிக்காட்டிவிட்டுத் தந்தையின் முகத்தை மட்டும் ஆடையால் மூடிவிட்டாராம். உரோமானிய அறிஞர் பிளினி இதனைப் பதிவு செய்துள்ளார். லெஸ்ஸிங்கும் இதனை எடுத்து ஆராய்கிறார். எழுத இயலாததை எழுதாமல் விடுவதும் கலையே என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். ரெம்பிராண்ட்டு இதனைத் தலைகீழாக்கினார். தந்தையின் முகத்தைத் திறந்து வைத்தார். மூடியது பலியாகவிருந்தவன் முகத்தை. கரவாஜ்ஜோவின் மகன் அலறுவதை நாம் காண்கிறோம். கண்டபின் நம் கற்பனைக்கு வேலை இல்லை. ரெம்பிராண்ட்டின் மகன் அந்தக் கைக்கு அடியில் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதை ஒவ்வொருவரும் தாமே எண்ணிக்கொள்ள வேண்டியுள்ளது. அதிலும் மகனைப் பெற்றவர் எண்ணுவது ஒன்று, மகனாக மட்டும் இருப்பவர் எண்ணுவது வேறொன்று. மாணவர்கள் இதனைத் தம் தந்தையரோடு சேர்ந்து காண்பது நன்று.

இருபது ஆண்டுகளுக்குப் பின்

இவ்வோவியத்துக்கு மறுபடி ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் மூனிச்சு நகரில் ஆல்ட்டே பினக்கோத்தேக் என்னும் அருங்காட்சியகத்தில் அஃது உள்ளது. ரெம்பிராண்ட்டு மாற்றி மேற்பூசியது என்னும் பொருள்படும் டச்சு மொழி வாசகமும் 1636 என்னும் ஆண்டும் அதில் காணப்படுகின்றன. மாணவர் ஒருவர் பார்த்து எழுதியதை ஆசிரியர் திருத்தியது எனப் பலர் கருதுவர். அதில் வானவரின் நிலை மாறியுள்ளது. முதல் ஓவியத்தில் இல்லாத ஆட்டுக்கடா புகுந்துவிட்டது. கதை நிறைவு பெற்றது. ஆனால் நடுக்கம் குறைந்தது என்பேன்.

இந்த இரு ஓவியங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ரெம்பிராண்ட்டின் வீட்டில் நிகழ்ந்தது ஒன்றுண்டு. 1635 டிசம்பரில் அவருடைய முதல் மகன் பிறந்தான். 1636 பிப்ரவரியில் அடக்கம் செய்யப்பட்டான். பின்னர்ப் பிறந்த பெண்மக்கள் இருவரும் கைக்குழந்தைகளாகவே மறைந்தனர். 1641-இல் பிறந்த தித்துஸ் என்னும் மகன் மட்டுமே நிலைத்தான். மறு ஆண்டே தாய் சசுக்கியா இறந்தார். ஓவியரின் வாழ்க்கையை அவர் ஓவியத்துக்குள் வலிந்து நுழைக்கும் திறனாய்வு எனக்கு உடன்பாடன்று. 1635-இன் ஓவியம் எழுதப்பட்டது குழந்தை இறப்பதற்கு முன்பு என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் அதே கதைக்கு அவர் 1655-இல் மீண்டும் வந்தபோது, வந்தவர் மக்கள் மூவரைப் புதைத்த தந்தை என்பதை மறைக்கவும் இயலாது. அவ்வாண்டில் தித்துஸுக்கு வயது பதின்மூன்று, பதினான்கு.

1655-இல் அவர் எழுதியது வண்ண ஓவியமன்று, செப்புத்தகட்டு அச்சு. தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்தால் கீறிய இடங்கள் அரிக்கப்பட்டுக் குழியும். அக்குழிகளில் மை நிரப்பித் தாளில் அழுத்தினால் படம் பதியும். ஹெர்மிட்டேஜ் ஓவியம் ஆளுயரம். இவ்வச்சோ ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் உயரமே உடையது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத் தக்கது.

இதில் மகன் மல்லாந்து கிடக்கவில்லை. கட்டப்படவும் இல்லை. தந்தையின் முழங்கால் அருகே மண்டியிட்டுத் தலைசாய்த்திருக்கிறான். தந்தையின் கை இப்போதும் அவன் முகத்தின்மேல்தான் இருக்கிறது; ஆனால் நசுக்கவில்லை. கண்களை மட்டும் மென்மையாக மூடி, தலையைத் தம்மோடு அணைத்திருக்கிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் தந்தை கை வைப்பதும் இவ்வாறுதான். வானவர் மேலிருந்து பாய்ந்து மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. பின்னே வந்து இரு கைகளாலும் முதியவரைத் தழுவி நிற்கிறார். கத்தி நழுவவில்லை, தந்தையின் கையிலேயே இருக்கிறது. அஃது இடக்கையில் காணப்படுகிறது. தகட்டில் எழுதுவது அச்சில் இடம்வலம் மாறும் என்பது காரணமாகலாம். குருதியை ஏந்துவதற்கு வைத்த கிண்ணம் முன்னே தெரிகிறது. தந்தையின் கண்கள் இருண்ட குழிகளாக உள்ளன.

ஒரே கதை, ஒரே ஓவியர், ஒரே கை. இருபத்தொன்பது வயதில் முகத்தை அழுத்திய கை, நாற்பத்தொன்பதில் கண்ணை மூடி அணைக்கிறது. முன்னதில் மகன் பலிப்பொருள். பின்னதில் தந்தையின் துயரத்தைப் பகிர்ந்துகொள்பவன். யூத வரலாற்றாசிரியர் ஜோசீஃபஸ் தம் நூலில், மகன் அப்போது இருபத்தைந்து வயதினன் என்றும் செய்தி அறிந்து மனமுவந்து பலிபீடத்தை அணுகினான் என்றும் கூறுகிறார். அந்நூலின் ஜெர்மன் மொழிப் படி ஒன்று ரெம்பிராண்ட்டின் உடைமைகளுள் இருந்தது. 1656-இல் கடன் சுமையால் அவர் நொடித்துப்போனபோது எடுக்கப்பட்ட பட்டியலில் அது குறிக்கப்பட்டுள்ளது. மகனின் இசைவு என்னும் கருத்து அவ்வழியே அவரை எட்டியிருக்கக்கூடும். எவ்வழி எட்டினும், 1655-இன் அச்சில் உள்ள தந்தையும் மகனும் திருமறை காட்டும் தந்தைக்கும் மகனுக்கும் 1635-இல் இருந்ததைவிட மிக அருகில் நிற்கின்றனர். மலையடியில் இருக்கும் வேலைக்காரருக்கு மேலே நடப்பது எதுவும் தெரியவில்லை.

முகலாயர் சித்திரமும் ஆம்ஸ்டர்டாம் அச்சும்

இப்றாகீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றை ரெம்பிராண்ட்டு அத்துடன் விடவில்லை. மறு ஆண்டாகிய 1656-இல், விருந்தினராக வந்த வானவர்களை அவர்கள் உபசரித்த நிகழ்ச்சியைச் செப்புத்தகட்டில் எழுதினார். ஆதியாகமம் பதினெட்டாம் அதிகாரத்தில் வருவது அது; திருக்குர்ஆனில் 'ஹூது' அத்தியாயத்திலும் 'அத்தாரியாத்' அத்தியாயத்திலும் இடம்பெறுவது.

இவ்வச்சின் பிறப்பு நம் நாட்டோடு தொடர்புடையது. அக்காலத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சூரத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் துணியும் பிறவும் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. பழவேற்காட்டில் அக்கம்பெனியாருக்குக் கோட்டையும் இருந்தது. இத்தகைய வாணிகத்தால் முகலாய அரசவைச் சித்திரங்கள் சில ஆம்ஸ்டர்டாமை அடைந்தன. ரெம்பிராண்ட்டு அவற்றைக் கண்டு, ஆசியாவிலிருந்து வந்த விலையுயர்ந்த தாளிலேயே பார்த்தெழுதினார். ஜஹாங்கீர், ஷாஜஹான் முதலியோரின் உருவங்களாக இருபதுக்கும் மேற்பட்ட வரைவுகள் இன்றும் எஞ்சியுள்ளன. 2018-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கெட்டி அருங்காட்சியகம் இவற்றை மட்டுமே பொருளாகக் கொண்டு கண்காட்சி ஒன்றை நடத்திற்று. தம் காலத்து ஓவியர் எவரையும் இவ்வளவு பணிவோடு அவர் பார்த்தெழுதியதாகத் தெரியவில்லை.

அவ்வரைவுகளுள் ஒன்று இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தாடி வளர்த்த ஷெய்குமார் நால்வர் ஒரு மரத்தடியில் தரையில் அமர்ந்து உரையாடும் காட்சி அது. அதற்கு மூலமாகக் கருதப்படும் முகலாயச் சித்திரம் ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஷான்பிரன் அரண்மனைச் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. 1656-இன் அச்சுக்கு ரெம்பிராண்ட்டு அடிப்படையாகக் கொண்டது இந்த அமைப்பையே. ஐரோப்பிய ஓவியர்கள் வானவர்களை மேசையைச் சுற்றி நாற்காலியில் அமர்த்தி வந்தனர். இவரோ தரையில் விரிப்பிட்டு அமரச் செய்தார். அழகிய இளைஞர்களாக அன்றி, நடுவிலிருப்பவரை முதிர்ந்த தாடியுடன் காட்டினார். இப்றாகீம் நபி (அலை) அவர்கள் வாழ்ந்த கீழ்த்திசையில் பெரியோர் எங்ஙனம் அமர்வர், விருந்து எங்ஙனம் நடக்கும் என்பதை அறிய, முஸ்லிம் அரசவையில் எழுந்த சித்திரமே தக்க சான்று என அவர் எண்ணினார் போலும். விவிலியத்துக்கு உரையெழுதப் புகுந்தவர் முகலாய ஏட்டைப் புரட்டியிருக்கிறார்.

அந்த அச்சில், குனிந்து உபசரிக்கும் முதியவருக்குப் பின்னே கதவு சற்றே திறந்திருக்கிறது. உள்ளே நின்று சாரா அம்மையார் செவிமடுக்கிறார். அவருக்கு ஒரு மகன் பிறப்பான் என்னும் நற்செய்தி அப்போதுதான் கூறப்படுகிறது. அதற்கு அப்பால், யாரும் நோக்காத இடத்தில், ஒரு சிறுவன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்மேல் சாய்ந்து வில்லை வளைத்துக்கொண்டிருக்கிறான். அவன் இஸ்மாயீல் என்றே கலை வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். வில்லாளியாக வளர்ந்தார் என்று ஆதியாகமமும் அவரைப் பற்றிக் குறிப்பிடும். அவன் முகத்தையும் ரெம்பிராண்ட்டு நமக்குக் காட்டவில்லை.